ராணி கையில் செம்பு

மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால் இன்றைக்கும் எனக்கு வருவது தூக்கம் அல்ல, ஒத்திகை. கண்ணை மூடியதும் ஆமத்தூரில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளிக் கட்டடம் வந்துவிடுகிறது. ஓட்டு இடுக்கு வழியாக வெயில் கோல் கோலாக இறங்குகிறது. அந்த வெயிலுக்குள் நாலு பேர் நிற்கிறார்கள். ஒருவர் ராஜா, ஒருத்தி ராணி, ஒருத்தி தோழி, ஒருவர் தூதன். ராணியின் முன்னங்கை வெள்ளியாக மினுங்குகிறது. அது நகை இல்லை. காலையில் பட்டாசுக் கம்பெனியில் அவள் அள்ளிய அலுமினியப் பொடி. எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் தோலோடு தங்கிவிடும். நாடகத்துக்கென்று தனியாக ஒப்பனை எதுவும் அவளுக்குத் தேவைப்பட்டதில்லை. வெயில் பட்டால் போதும், ராணியாகிவிடுவாள்.

எங்கள் குழுவுக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. நோட்டீசில் அடிப்பதற்கு மட்டும்தான் அது பயன்பட்டது. சுற்று வட்டாரத்தில் ‘டீச்சரம்மா நாடகம்’ என்றால்தான் தெரியும். நான்தான் அந்த டீச்சரம்மா. பிள்ளைகள் கொட்டாவி விட விடச் செய்யுள் நடத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டவள். முன்கோபி. சாக்பீஸ் எறிவதில் பெயர் வாங்கியவள். வகுப்பில் கேட்க ஆளில்லாத செய்யுளை மேடையிலாவது கேட்க வைக்கிறேன் என்று வீம்புக்குத் தொடங்கியதுதான் இந்தக் குழு.

நாங்கள் போட்டதெல்லாம் பழைய நாடகங்கள். வடமொழியிலிருந்து வந்தது, கிரேக்கத்திலிருந்து இங்கிலீஷ் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது, தமிழிலேயே செய்யுளாக எழுதப்பட்டு யாரும் மேடையேற்றாமல் கிடந்தது என்று எதையும் விடவில்லை. ராஜா ராணி இல்லாத கதையைத் தொட்டதில்லை. எங்கள் ஆட்களுக்கும் அதுதான் பிடித்தது. நாள் முழுக்க சூப்பர்வைசருக்குத் தலையாட்டிவிட்டு வருகிறவர்களுக்கு, சாயங்காலம் ஒரு மணி நேரம் கிரீடம் வைத்துக்கொண்டு ஆணையிடுவதில் என்ன கஷ்டம்?

ராஜா, தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்போம். நெஞ்சு அகலம், குரல் அதைவிட அகலம். தூதன், சிவகாசியில் காலண்டர் அடிக்கும் மிஷினில் நிற்பவர். மிஷின் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியதால் எதையும் இரண்டு தரம் சொல்வார். அரண்மனைக்குச் சாவுச் செய்தி கொண்டு வருகிற தூதன் அதை இரண்டு தரம் சொன்னால் எப்படி இருக்கும்? அந்தப் பழக்கத்தை நிறுத்துவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. தோழியாக நடித்தவர் எங்கள் சபையைச் சேர்ந்த நர்ஸ், எல்லோருக்கும் ‘சிஸ்டர்’. கணீரென்ற பேச்சு, கை கால் எல்லாம் துறுதுறு. நாடகத்துக்கு அவர் வீட்டு வெண்கலச் செம்பைத்தான் வாங்கி வைத்திருந்தோம்.

ராணிக்கு நாற்பது வயது இருக்கும். புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தும் வேலை, சனிக்கிழமைகளில் அரைநாள். அவள் அப்பனும் ஆத்தாளும் ஊரார் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். அவளும் அவள் மகளும் பட்டாசுக்கு வந்துவிட்டார்கள், ஆளுக்கொரு கம்பெனியில். முதலில் பேச்சே இல்லாத ஒரு பணிப்பெண்ணாக நிற்பதற்குத்தான் அவளைக் கூப்பிட்டேன். ஒருநாள் ராணியாக நடிக்க வேண்டியவள் வரவில்லை. வசனத்தை நான் படிக்கத் தொடங்கியபோது, சுவரோரம் நின்றவள் பிரதி இல்லாமலே அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நிறுத்திய பிறகும் அவள் நிறுத்தவில்லை. கண் எங்கோ இருந்தது. நானும் அண்ணாச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றோடு வேஷம் அவளுடையதாகிவிட்டது.

அவள் எப்படி மனப்பாடம் பண்ணினாள் என்பதை ஒரு காலையில் பார்த்தேன். நோட்டீஸ் அடிக்கக் கொடுக்க சிவகாசி போகவேண்டும், பஸ் வரவில்லை. அவள் ஏறுகிற கம்பெனி வேனில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். விடிந்தும் விடியாத நேரம். வேன் நிறையப் பெண்கள், ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்குகிறார்கள். தலைமுடியிலெல்லாம் மெல்லிய வெள்ளி. வெளியே கருவேலங்காடு சாம்பல் நிறமாகப் பின்னால் போகிறது. இவள் மட்டும் சன்னல் பக்கம் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“படை போன பாதையில் புழுதி அடங்கவில்லை…”

அடுத்த அடி நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது, தடுமாறினாள். அவள் தோளில் சாய்ந்திருந்த பெண் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“பார்த்த என் கண்ணும் மூடவில்லை.”

சொல்லிவிட்டு அந்தப் பெண் திரும்பவும் தூங்கிப்போனாள். கேட்டுக் கேட்டு அந்த வேனுக்கே செய்யுள் தெரிந்திருந்தது. இத்தனை வருஷம் நான் பள்ளிக்கூடத்தில் செய்ய முடியாததை ஒரு கம்பெனி வேன் செய்திருந்தது. பொறாமையாகக்கூட இருந்தது.

இனி அந்தச் செம்புக்கு வருகிறேன்.

அந்த வருஷம் நாங்கள் எடுத்த நாடகத்தில் ராஜா வீறாப்புக்காக ஒரு போரைத் தொடங்கி, ஒரே மகனை அனுப்பி வைக்கிறான். ராணி காத்திருக்கிறாள். கடைசியில் தூதன் வருகிறான். வழிநடந்து வந்தவன் காலுக்குத் தண்ணீர் வார்ப்பது அந்த அரண்மனை வழக்கம். ராணி தானே செம்போடு வருகிறாள். தூதன் சொல்கிறான்: “வென்றது நாடு. வரவில்லை உன் மகன்.” அப்போது ராணி செம்பை ஓங்கித் தரையில் எறிய வேண்டும். அந்தச் சத்தத்தில்தான் ராஜா முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பிப் பார்க்கிறான். அதுவரைக்கும் அவன் சிம்மாசனத்தில் இருந்துகொண்டு வெற்றியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பான். பிரதியில் அப்படித்தான் இருந்தது. எனக்கு அந்த நாடகத்தைப் பிடித்ததே அந்த ஒரு சத்தத்துக்காகத்தான். படித்த நாளிலிருந்து தூக்கத்தில்கூட அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு பெரிய வெறும் கூடம், வழவழப்பான தரை, அதில் ஒரு செம்பு விழுந்து உருண்டு உருண்டு, நான் விழித்த பிறகும் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும்.

முதல் ஒத்திகையில் தூதன் சொன்னார். ராணி கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே இறங்கியது. குனிந்து, செம்பைத் தரையில் வைத்தாள். சத்தமே இல்லை. உள்ளே இருந்த தண்ணீர்கூட அலுங்கவில்லை.

“ராணியம்மா, பிள்ளையைத் தொட்டில்ல போடறீகளா?” என்றார் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

மறுபடியும் செய்யச் சொன்னேன். மறுபடியும் வைத்தாள். கோணியைப் போட்டு அதன்மேல் எறியச் சொன்னேன். கோணிமேல் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு எறியச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, கையால் தரையைத் தடவிப் பார்த்து, வைத்தாள். அண்ணாச்சி “இப்படி, தாயீ” என்று தானே வாங்கி எறிந்து காட்டினார். செம்பின் விளிம்பு நெளிந்து, நர்ஸ் “ஐயோ என் செம்பு!” என்று அலறினார். அந்தச் சத்தத்துக்கு ராணி கதவோரம் போய் நின்றுகொண்டாள். கூப்பிட்ட பிறகுதான் திரும்பி வந்தாள்.

அவளிடம் வேறு சில விஷயங்களையும் நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். அறைக்குள் வருமுன் செருப்பை எங்கேயோ தள்ளிக் கழற்றிப் போடுவாள். வாசலில் இருக்கிற இரும்புக் கம்பியை இரண்டு உள்ளங்கையாலும் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். மருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொடவேண்டும், உடம்பில் கரண்ட் இருந்தால் இறங்கிவிடும் என்று ஒருநாள் சொன்னாள். மேடையில் ஓடு என்றால் வேகமாக நடப்பாள், ஓட மாட்டாள். பளபளப்பான நைலான் புடவையைக் கொடுத்தால் முகம் சுளித்து, “பருத்தியில இல்லையா டீச்சர்?” என்பாள். இதையெல்லாம் நான் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

“டீச்சர், இவுக ராணி இல்ல, போர்மேன்” என்பார் அண்ணாச்சி.

மூன்றாவது சனிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. நர்ஸைக் கூப்பிட்டு அந்த இடத்தை மட்டும் செய்யச் சொன்னேன். அவர் செய்தார். எறிந்த எறியில் செம்பு மூன்று தரம் குதித்து, உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. நான் தூக்கத்தில் கேட்ட அதே சத்தம். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. திரும்பிப் பார்த்தேன். ராணி சுவரோரம், பணிப்பெண்ணாக முதலில் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அன்று பஸ் நிறுத்தம் வரைக்கும் என்னோடு நடந்து வந்தாள். வெயில் சாய்ந்து ரோடு மஞ்சளாகக் கிடந்தது.

“என்னைய மாத்தப் போறீகளா டீச்சர்?”

“நீ எறிஞ்சா நான் ஏம்மா மாத்தப் போறேன்?”

“கைக்கு வரல.” தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கு.”

“ஒரு செம்பு. அதை எறிய இத்தனை பாடா?”

“இந்த வேசத்தை மட்டும் எடுத்துராதீக டீச்சர். கம்பெனியில ஒருநா பூரா யார்கிட்டயும் பேச மாட்டோம். பேசினா கவனம் போயிரும். இப்ப உள்ளுக்குள்ள இந்தப் பாட்டு ஓடுது. சாயங்காலம் வரைக்கும் ராணியாவே இருக்கேன். அத எடுத்துட்டா நான் அங்கன போயி என்னத்த நெனச்சிட்டு உக்காருவேன்?”

ஆனாலும் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. என் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது. அதனால் நடுவாக ஒரு வழி கண்டுபிடித்தேன். அவள் கையை வீசினால் போதும், திரைக்குப் பின்னால் நான் ஒரு தகரத்தைத் தட்டிவிடுகிறேன். அவளுக்கும் அது நிம்மதியாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பழைய தண்ணீர்த் தொட்டியின் மூடித் தகரம் ஒன்றையும் ஒரு கட்டையையும் கொண்டு போனேன். தூதன் சொன்னார். ராணி கையை வீசினாள். நான் என் பலம் முழுவதையும் திரட்டி ஒரே போடு போட்டேன்.

ஓட்டுக் கூரை அதிர்ந்தது. உள்ளே மாட்டியிருந்த பலகை ஆடியது. நன்றாகத்தான் இருக்கிறது என்று பெருமையோடு திரைக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். மேடையில் யாரும் இல்லை. செம்பு மட்டும் தரையில் நிமிர்ந்து இருந்தது.

வெளியே போனேன். அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் அது நடந்ததா, கனவில் கண்டதா என்று தோன்றும். தெருவில் வரிசையாக எல்லா வீட்டுப் பெண்களும் நின்றிருந்தார்கள். ஒரு கூச்சல் இல்லை, ஓட்டம் இல்லை. எல்லோருடைய முகமும் வானத்தைப் பார்த்திருந்தது. எந்தக் கம்பெனியில் வெடித்தது, புகை எந்தத் திசையில் என்று தேடுகிறார்கள். சமைக்கிற நேரம்தான் அது, ஆனால் ஒருத்தி கையிலும் கரண்டி இல்லை. வானம் சுத்தமாக, நீலமாக, ஒன்றும் இல்லாமல் இருந்தது. எங்கேயோ ஒரு காகம் கத்தியது.

“எந்தப் பக்கம்க்கா?”

“தெரியல. கிட்டத்துலதான்.”

எங்கள் ராணி ரோட்டோரம் நின்று போனில் மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகளுக்கு அன்று பேக்கிங்கில் வேலை, சாயங்காலம்தான் முடியும். மணி போய்க்கொண்டே இருந்தது. கட் ஆனதும் திரும்ப அழுத்தினாள். விரல் நடுங்கவில்லை. முகத்தில் மட்டும் ரத்தம் இல்லை. மூன்றாவது தரம் மகள் எடுத்தாள். “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டு அப்படியே மைல்கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

தகரம் தட்டியது நான்தான் என்று தெருவுக்குச் சொல்லவேண்டியிருந்தது. யாரும் திட்டவில்லை. ஒரு பெண், “நாடகமா டீச்சர்? நல்லாருங்க” என்றாள். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஒவ்வொருத்தியாக உள்ளே போய் அடுப்பைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ராணிதான் கோபப்பட்டாள். அவள் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

“இனிமே அந்தத் தகரத்தைத் தொடாதீக டீச்சர்.”

“தொடல. தப்புத்தான்.”

“எங்க கம்பெனியில மொத நா சொல்லிக் குடுக்கறதே இதான். சத்தம் கேட்டாலும் சரி, சேதி வந்தாலும் சரி, மொதல்ல கையில இருக்கறத மெல்ல வைக்கணும். வச்சிட்டுத்தான் எந்திரிக்கணும். வச்சிட்டுத்தான் அழணும். பதறி விட்டம்னா அந்த ரூம்ல இருக்க நாலு பேரும் போயிருவோம். அதுதான் என் கை டீச்சர். அது ராணி கையா எப்படி மாறும்?”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த இடத்திலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு “நீ சொல்றதுதான் சரி” என்றிருக்க வேண்டும். செய்யவில்லை. தெரு முன்னால் அவமானப்பட்ட எரிச்சல், தகரமும் போய்விட்டது, என் சத்தமும் போய்விட்டது என்ற ஆற்றாமை. வாத்தியார் புத்தி முன்னால் வந்து நின்றது.

“அது அரண்மனைம்மா. கம்பெனி இல்ல. நாடகத்துல எறியணும்னு இருந்தா எறியத்தான் செய்யணும். மொத நாடகம் இங்க ஆமத்தூர்ல, அதுல நீ பண்ணு. எறிஞ்சா உனக்குத்தான் வேசம். எறியலைன்னா அடுத்து மல்லாங்கிணத்துல போடறதுக்கு சிஸ்டர்தான் ராணி.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

“சரி டீச்சர். எறியறேன்.”

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. வந்தாலும் அந்தப் பெரிய கூடத்தில் செம்பு விழவில்லை. விழப்போகிற செம்பு பாதி வழியில் நின்றுகொண்டே இருந்தது. அடியில் தெருப் பெண்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆமத்தூர் பள்ளி மைதானத்தில் நாடகம் நாலரை மணிக்கு. எங்கள் நாடகங்கள் எல்லாமே அந்த நேரத்துக்குத்தான். விடியுமுன் வேன் ஏறுகிற ஜனங்களை ராத்திரி உட்கார வைக்க முடியாது. அதனால் எங்களுக்கு விளக்கே தேவைப்பட்டதில்லை. வெயில் மேற்கே இறங்க இறங்க மேடை தானாகப் பொன்னாகும். அன்றைக்கும் ஆனது. பாயிலும் மணலிலுமாகக் கூட்டம் நிறைந்திருந்தது. கம்பெனிப் பெண்கள் குளித்துத் தலைசீவி, பூ வைத்து, பிள்ளைகளோடு முன்வரிசையில். அந்த வேன் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவர்கள் கையிலும் கழுத்திலும் கழுவியும் போகாத அந்த வெள்ளி மினுங்க, பார்வையாளர்களே ஏதோ ஒரு அரசவை போலிருந்தார்கள். மேடையில் நின்ற எங்கள் ராஜா கொஞ்சம் ஏழையாகத் தெரிந்தார்.

நான் மேடை ஓரத்தில் திரைக்குப் பின்னால் பிரதியோடு நின்றேன். பக்கத்தில் நர்ஸ், தன் காட்சி முடிந்து, கையைக் கட்டிக்கொண்டு. நாடகம் நன்றாகப் போயிற்று. ராணி பேசியபோது முன்வரிசையில் சில உதடுகள் கூடவே அசைந்தன. காற்று வேப்பம்பூ வாசத்தைக் கொண்டுவந்து போட்டது. ஒரு குழந்தை தூங்கிவிட்டது. எல்லாமே ஒரு மெல்லிய துணிக்குப் பின்னால் நடப்பதுபோல எனக்கு இருந்தது.

தூதன் வந்தார். ராணி செம்போடு எதிரே வந்தாள். அண்ணாச்சி சிம்மாசனத்தில் வெற்றியைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார்.

“வென்றது நாடு,” என்றார் தூதன். நிறுத்தினார். “வரவில்லை உன் மகன்.”

ஒரே ஒரு தரம்தான் சொன்னார்.

ராணி கையைத் தூக்கினாள். இந்தத் தடவை கை இறங்கவில்லை. தலைக்கு மேலே, வெயிலில் செம்பு எரிந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எறியவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் அவள் அப்படியே நின்றாள். நான் கூட்டத்தைப் பார்த்தேன். முன்வரிசைப் பெண்கள் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் செம்பைப் பார்த்தார்கள். மடியில் இருந்த டம்ளர், போன், பால் புட்டி எல்லாம் ஒவ்வொன்றாக மணலில் இறங்கின. யாரும் சொல்லிச் செய்யவில்லை.

அப்போது நடுவிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. சத்தமாக இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவளிடம் சொல்வது போல.

“வச்சிரு தாயீ.”

ராணியின் கை அசைந்தது.

“மெல்ல. கையில இருக்கறத வச்சிரு. நாங்க இருக்கோம். வச்சிட்டு அழு.”

அண்ணாச்சி பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவர் திரும்பவேண்டிய இடமும் அதுதான். ஆனால் அவர் நடிக்கவில்லை.

செம்பு இறங்கத் தொடங்கியது. எவ்வளவு நேரம் இறங்கியது என்று என்னால் சொல்ல முடியாது. மைதானம் முழுவதும் அதோடு சேர்ந்து குனிந்தது. தரையைத் தொட்டபோது ஒரு சத்தமும் இல்லை. அவள் ஒரு விரலாக, ஒரு விரலாகக் கையை எடுத்தாள். இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

பிறகுதான் அழுதாள். நான் சொல்லிக்கொடுக்காத அழுகை. பிரதியில் இல்லாத அழுகை. அவளுக்கு முன்பே முன்வரிசை அழத் தொடங்கியிருந்தது. யார் மகனுக்காக, யார் மகளுக்காக, எந்தக் கம்பெனி வாசலில் நின்ற எந்த மதியத்துக்காக என்று யாருக்குத் தெரியும்? நான் அத்தனை நாள் தூக்கத்தில் தேடிய சத்தம் அதன் பக்கத்தில் வெறும் பாத்திரச் சத்தம். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு சந்தோஷமாகவும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

மீதி நாடகம் எப்படி முடிந்தது என்று எனக்கு நினைவில்லை. கைதட்டல் வந்ததா என்றும் நினைவில்லை. முடிந்ததும் ஒப்பனைக்காக எடுத்திருந்த வகுப்பறைக்குப் போனேன். ராணி பெஞ்சில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

“எறியறேன்னு சொன்னேன் டீச்சர். தூக்கவும் தூக்கிட்டேன். அந்தக்கா சொன்னதும் முடியல.”

நான் வாசலிலேயே நின்றேன். அவள் அதைக் கோபம் என்று நினைத்துவிட்டாள். எண்ணெய்த் துணியை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

“மல்லாங்கிணத்துக்கு சிஸ்டர்தான் ராணியா?”

“நான் மாட்டேம்ப்பா,” என்றார் பின்னாலிருந்து நர்ஸ். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் தன் கூந்தலைப் பிரித்துக்கொண்டே சொன்னார். “எனக்கு எறியத்தான் தெரியும்.”

ராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘சனிக்கிழமை மூணு மணிக்கு வேன், நீதான் ராணி’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். கையில் இருந்த நாடகப் பிரதியைப் பெஞ்சின்மேல் வைத்தேன். வைத்துவிட்டுத்தான் அழுதேன்.